உறையாத இரவுக்கு மறுநாள்

எங்கள் பனிச்சறுக்குக் கழகத்தின் விதி பதினொன்று இப்படிச் சொல்கிறது: "வசந்தகாலப் பயணங்களில், முந்தைய இரவு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்காவிட்டால், அன்றைய பயணம் நடைபெறாது."

இது நல்ல விதி. 'பொதுவாக', 'இயன்றவரை' என்று பூசி மெழுகாத விதி. மொன்றியலுக்குப் பக்கத்து லொங்குய்யில் ஓர் அரச அலுவலகத்தில் மற்றவர்களுடைய மேன்முறையீடுகளை வாசித்தே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஒழுங்காக எழுதப்பட்ட விதியைக் கண்டால் எனக்கு பாலில்லாத ஒரு நல்ல பிளேன்ரீ குடித்த திருப்தி வரும். இதை எழுதியவரைச் சந்தித்தால் கைகொடுத்திருப்பேன்.

காரணமும் நியாயமானது. ஏப்ரலில் மலைக்காட்டு ஓடைகள் பனிக்கு அடியில் ஓடத் தொடங்கிவிடும். மேலே பனி பாலம்போல் நிற்கும். இரவு உறைந்திருந்தால் அந்தப் பாலம் காலையில் ஆளைத் தாங்கும். உறையாவிட்டால் தாங்கலாம், தாங்காமலும் விடலாம். விதிகள் 'தாங்கலாம்' என்பதை விரும்புவதில்லை. நானும்தான்.

அந்த இரவு உறையவில்லை. ரொக்ஸ்பரோவில் எங்கள் பின்வாசல் வெப்பமானி நான் படுக்கப் போகும்போது நாலு காட்டியது. எழும்பிப் பார்த்தபோதும் நாலுதான். கூரைத் தண்ணீர் வேலிக்கரையில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் சறுக்குச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வர, என் கணவர் தேத்தண்ணிக் கோப்பைக்கு மேலால் பார்த்தார்.

"உம்மடை விதிப்படி இண்டைக்குப் பயணம் இல்லை. போய்த் திரும்பிப் படும்."

"அதை அவை சொல்லோணும். நான் சொல்ல ஏலாது."

"ஊருக்கெல்லாம் இல்லை எண்டு கடிதம் எழுதின மனிசி, தனக்கு எண்டவுடனை வாயை மூடிக்கொண்டு போகுது."

நான் சப்பாத்தைக் கதவடியில் வைத்தேன்.

நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பதைச் சொல்லவேண்டும். எங்களுடைய கழகத்தில், ஆளை உச்சிக்கு ஏற்றும் இழுவை வண்டி இல்லாத மலைகளில்தான் சறுக்குவார்கள். ஸ்கீ என்கிற சறுக்குப் பலகையின் அடியில், பின்னுக்கு வழுக்காமலிருக்க ஒரு துணிப்பட்டையை ஒட்டிக்கொண்டு சொந்தக் காலால் ஏறவேண்டும். உச்சியில் அதை உரித்துச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டு இறங்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில், கிழக்கே காஸ்பே மலைகளில் குடில் விட்டுக் குடில் போகும் ஒரு பெரிய பயணம் உண்டு. லொங்குய்யில் என் மேசை யன்னலோரம் இருந்தது. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் கூரையில் ஸ்கீ கட்டிய கார்கள் கிழக்கே போவதை அங்கிருந்து பார்ப்பேன். பார்த்துவிட்டு அடுத்த கோப்பைத் திறப்பேன். ஓய்வு பெற்ற கிழமையே ஸ்கீ வகுப்பில் சேர்ந்தேன். எல்லோரும் எனக்கு முழங்கால் வைத்தியரின் பெயரைத் தந்தார்கள்.

அறுபத்தைந்து தாண்டியவர்கள் காஸ்பேக்குப் பதிவு செய்ய, முந்தைய பருவத்தில் இரண்டு பகல் பயணங்களை முழுதாக முடித்திருக்கவேண்டும். எழுபதில் கதவு பூட்டு. வரும் மார்ச்சில் எனக்கு அறுபத்தொன்பது. அதற்கடுத்த மார்ச்சில் எழுபது. பெப்ரவரியில் ஒரு பயணம் முடித்திருந்தேன். மார்ச்சில் வைத்திருந்தது உறைமழையால் ரத்தானது. மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான், பருவத்தின் கடைசிப் பயணம். இன்று மேலே ஏறிக் கீழே வந்தால் காஸ்பே. இல்லையென்றால், யன்னலோரம்.

என்னோடு வந்தவர் என் சம்பந்தி, மகளின் மாமியார். மன்னார்க் கத்தோலிக்கர். என்னைவிட ஏழு வயது இளையவர், ஒரு சாண் கட்டை, இரண்டு மடங்கு பலம். வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் கார்டெரி நடத்தி அரைவாசி மொன்றியல் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தவர். தன் பிள்ளைகளைச் சறுக்கப் பழக்கக் கொண்டுபோன இடத்தில் தானும் பழகியவர். எங்கள் பிள்ளைகள் கலியாணம் முடித்து ஆறு வருடம். மாதா கோயிலில் ஒன்று, எங்கள் சைவ முறைப்படி மண்டபத்தில் ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு கலியாணம். அன்று தொடங்கிய உபசாரம் இன்னும் நிற்கவில்லை. அவர் ஒரு பெட்டி பலகாரம் தந்தால் நான் ஒன்றரைப் பெட்டி திருப்பிக் கொடுக்கவேண்டும். சம்பந்தி வீட்டில் களைப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூடாது, பசிக்கிறது என்று சொல்லக்கூடாது, போதும் என்று மூன்று முறை சொல்லிய பின்னும் சாப்பிடவேண்டும். இதெல்லாம் எங்கேயும் எழுதப்படவில்லை. ஆனால் கழகத்தின் விதிகளைவிடக் கண்டிப்பாக அமலில் இருக்கிறது.

அன்று காலையும் அப்படித்தான். அவருடைய கார் எங்கள் வாசலில் வந்து நின்றதை நான் யன்னலால் கண்டேன். ஹோர்ன் அடிப்பது சம்பந்திக்கு மரியாதை இல்லை என்று அவர் உள்ளே இருந்தார். அவர் ஆறுதலாக இருந்துவிட்டு அழைக்கட்டும், ஓடிப்போய் அவசரப்படுத்துவது அழகில்லை என்று நான் உள்ளே இருந்தேன். கடைசியில் என் கணவர்தான் சாரத்தோடு வெளியே போய், "ரெண்டு பேரும் ஆளையாள் எவ்வளவு நேரம் கும்பிடப் போறியள்?" என்று கேட்டார்.

வடக்கே போகப் போக ஆறுகள் எல்லாம் கறுப்பாகத் திறந்திருந்தன. மலையடிவாரத் தரிப்பிடத்தில் சேறு. பதிவு செய்திருந்த மற்றவர்கள் வானிலையைப் பார்த்துவிட்டு வரவில்லை. வழிகாட்டி மட்டும் தன் காரின் பின்கதவில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நெட்டையான கியூபெக் பெண், நாற்பது வயதிருக்கும். மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தரிப்பிடத்துப் பலகையில் இருந்த வெப்பமானி ஐந்து காட்டியது. மூவரும் அதைப் பார்த்தோம்.

விதி பதினொன்று என் நாக்கு நுனியில் இருந்தது. விழுங்கினேன்.

"மெடாம்," என்றார் வழிகாட்டி பிரெஞ்சில், மேலே உச்சியைப் பார்த்தபடி. "போய்ப் பார்ப்போம். பத்து மணிக்குள் உச்சியில் நிற்கவேண்டும். அதற்குப் பிறகு பனி கஞ்சியாகிவிடும். பத்துக்கு உச்சியில் இல்லையென்றால், எங்கே நிற்கிறோமோ அங்கிருந்தே திரும்புவோம். திரும்பினால் அது முழுப் பயணம் ஆகாது. உங்களுக்கு அது தெரியும்தானே?"

தெரியும். அந்த விதியின் எண்கூடத் தெரியும்.

காட்டுக்குள் நுழைந்ததும் ஓடை வந்தது. மேலே பனிப்பாலம் அகலமாக, அசைவில்லாமல் கிடந்தது. அடியில் தண்ணீர் யாரோ பக்கத்து அறையில் கதைப்பதுபோல் கேட்டது. ஒருவர் பின் ஒருவராகக் கடந்தோம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்தேன், ஏதோ மூச்சுக்கு எடை இருப்பதுபோல.

அதன் பிறகு வந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஏப்ரல் வெயில் இலையில்லாத காட்டுக்குள் தடையில்லாமல் விழுந்தது. மேப்பிள் மரங்களுக்கிடையே சாறு எடுக்கும் நீலக் குழாய்கள் மரத்துக்கு மரம் தொங்கின. எங்கேயோ ஒரு மரங்கொத்தி வீடு கட்டுவதுபோல் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் முதலில் தொப்பியைக் கழற்றினோம், பிறகு கையுறை, பிறகு மேற்சட்டை. பனிக்கு மேலே, கையில்லாத உள்சட்டையோடு, வேர்த்து வடிந்துகொண்டு ஏறினோம். என் வயதில் ஒருத்தி இப்படி நிற்பதை எங்கள் சனம் கண்டால் அடுத்த ஞாயிறுக்குள் ரொறன்ரோ வரை தெரிந்திருக்கும். எனக்குச் சிரிப்பாக வந்தது. சந்தோசத்தில் காரணமில்லாமல் வருகிற சிரிப்பு. அதை இருமலாக மாற்றினேன்.

"களைப்போ, சம்பந்தி?"

"சீச்சீ. உங்களுக்கு?"

"எனக்கென்ன. இப்பத்தான் கால் இளகுது."

இருவரும் செத்துக்கொண்டிருந்தோம்.

பாதி தூரத்தில் என் ஸ்கீ பாரமாகத் தொடங்கியது. முதலில் வயது என்று நினைத்தேன். பிறகு காலைத் தூக்கிப் பார்த்தால், துணிப்பட்டையில் ஈரப்பனி உருண்டை உருண்டையாக ஒட்டித் திரண்டு, நான் மரக்கட்டை கட்டிக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. தட்டிவிட்டேன். பத்து அடிக்குள் திரும்பவும் திரண்டது. வழிகாட்டி வந்து குந்தியிருந்து சுரண்டிவிட்டார். மீண்டும் திரண்டது. சம்பந்திக்கும் வழிகாட்டிக்கும் ஒன்றுமில்லை. எனக்கு மட்டும்தான்.

வழிகாட்டி பட்டையை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தேகம்.

"மெடாம், இதற்கு என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. கழுவினேன்."

"கழுவினீர்களா?"

"பெப்ரவரிப் பயணம் முடிந்ததும். ஈர நாய் மணம் மணத்தது. பட்டுச் சேலை கழுவும் சவர்க்காரம்தான் போட்டேன். நிழலில்தான் காயவைத்தேன்."

அவர் விரலைத் தன் காற்சட்டையில் துடைத்தார். அந்தப் பட்டையில் ஈரம் ஏறாமல் இருக்க ஒரு பூச்சு இருக்கிறது என்றும், அதை நான் சுத்தமாகக் கழுவி எடுத்துவிட்டேன் என்றும், இத்தனை வருடத்தில் யாரும் இதைக் கழுவி, தான் கண்டதில்லை என்றும் மெதுவாகச் சொன்னார்.

சம்பந்தி உடனே என் பக்கம் வந்து நின்றார். "பாவிச்ச சாமானைக் கழுவாமல் ஆர் வைக்கிறது?" என்றார் தமிழில், வழிகாட்டியைப் பார்த்து. பிறகு எனக்கு, குரலைத் தாழ்த்தி: "நானும் கழுவத்தான் இருந்தனான், சம்பந்தி. எழும்பப் பஞ்சியிலை விட்டிட்டன்."

அப்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மெழுகு தேய்த்தால் பனி ஒட்டாது என்று வழிகாட்டி தன் பைக்குள் மெழுகுக்கட்டியைத் தேடினார். அது காரில் இருந்தது. மேலே பார்த்தார். உச்சி மரங்களுக்கு மேலே வெள்ளையாகத் தெரிந்தது, கை நீட்டினால் எட்டும்போல. எட்டாது என்று எங்கள் மூவருக்கும் தெரிந்தது, இந்தக் கட்டைகளோடு எட்டாது. காஸ்பே பனிபோல் உருகிக்கொண்டிருந்தது. நான் ஒரு சவர்க்காரக் கட்டியால் அதை இழந்துகொண்டிருந்தேன்.

"மெழுகு எண்டால் எந்த மெழுகு?" என்று கேட்டார் சம்பந்தி.

"எந்த மெழுகும்," என்றார் வழிகாட்டி, நான் அதைப் பிரெஞ்சில் கேட்டதும்.

அவர் இடுப்பில் கட்டியிருந்த மேற்சட்டையை அவிழ்த்து, உட்பைக்குள் கைவிட்டு மூன்று கட்டை மெழுகுதிரிகளை எடுத்தார். ஈஸ்டர் இரவுப் பூசையான பாஸ்காத் திருவிழிப்பில் கோயிலில் பிடித்த திரிகள். முந்தைய சனிக்கிழமை மழைத் தூறலில் இதே சட்டையோடு போயிருக்கிறார். அவருடையது, புருசனுடையது, எங்கள் பேரனுடையது. கோயில் வாசல் பெட்டியில் 'திரிகளைத் திருப்பிப் போடவும்' என்று எழுதியிருக்கும். அவர் ஒருநாளும் போடுவதில்லை. இடி இடிக்கும்போது கொளுத்தி வைக்க வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்.

எடுத்தவர் தரவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆசீர்வதிச்ச திரி, சம்பந்தி."

"அப்ப வேண்டாம்," என்றேன். சொல்வதற்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

அவர் திரியைப் பார்த்தார். என் ஸ்கீயைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். அங்கே ஒப்புதல் கேட்பதுபோல்தான் இருந்தது.

"யேசு தண்ணிக்கு மேலை நடந்தவர்," என்றார் கடைசியில். "இந்தச் சினோப் பனியும் தண்ணிதானே. அவர் கோவிக்கமாட்டார். காலைத் தூக்குங்கோ."

பனியில் முழங்காலிட்டு என் பட்டைகளைத் துடைத்து, கார்டெரிப் பிள்ளைக்குச் சப்பாத்துப் போட்டுவிடுகிற வேகத்தில், அழுத்தி அழுத்தித் தேய்த்தார். இரண்டு திரிகள் முடிந்தன. மூன்றாவதைப் பைக்குள் திரும்ப வைத்தார். நான் காலை இறக்கி ஓரடி வைத்தேன். வழுக்கியது. இன்னொரு அடி. ஒன்றும் ஒட்டவில்லை. சைவக்காரி ஒருத்தி பாஸ்கா மெழுகில் மலையேறினாள். அதற்கு எந்தச் சமயத்திலும் விதி இருப்பதாக நான் அறியவில்லை.

பிறகு நாங்கள் நடந்த நடை! உபசாரம் இல்லை, கதை இல்லை, மூச்சு மட்டும். ஊசியிலை மரங்கள் தொடங்கும் இடத்தைத் தாண்டியதும் காற்று குளிர்ந்தது. காலடியில் பனி சத்தம் போட்டது. கீழே சேறுபோல் இருந்த பனி இங்கே ஓடுபோல் கெட்டியாக, கண்ணாடி உடைவதுபோல் நொறுங்கியது. வழிகாட்டி கைத்தடியால் அதைத் தட்டிப் பார்த்து, ஒரு படம் எடுத்து, தனக்குள் தலையாட்டினார். நான் கண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. எனக்கு மணிக்கூட்டில்தான் கண்.

பத்து ஆகச் சற்று முன்னர் உச்சியில் நின்றோம்.

மலைகள் வரிசை வரிசையாக வடக்கே போய்க்கொண்டிருந்தன. நீலம், அதற்குப் பின்னால் இன்னும் மங்கலான நீலம். நாங்கள் இறங்கவேண்டிய வெளி மரமில்லாமல், ஒரு கால்தடமும் இல்லாமல், வெயிலில் மினுங்கிக்கொண்டு சரிந்தது. சம்பந்தி பருத்தித்துறை வடையை எடுத்து வழிகாட்டிக்கு நீட்டினார். அவர் ஒன்றைக் கடித்து, கண் விரிந்து, மூன்றை எடுத்தார். மூன்று நிமிடம், என்றார். மேலோடு இளகும் நேரம் இதுதான். இப்போது போனால் சொர்க்கம், பிந்தினால் சோறு.

பட்டைகளை உரித்துப் பைக்குள் வைத்தோம். விளிம்பில் வந்து நின்றோம்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ, சம்பந்தி," என்றேன். தடமில்லாத பனியில் முதலில் இறங்குவதைவிடப் பெரிய உபசாரம் என்னிடம் இல்லை.

"ஐயோ, நீங்கள் மூத்தவ. நீங்கள் போங்கோ."

"திரி உங்கடை. நீங்கள்தான்."

"பயணம் உங்கடை. நான் துணைக்கு வந்தனான்."

"அப்பிடிச் சொல்லாதையுங்கோ. போங்கோ."

"நீங்கள் போகாமல் நான் அசையன்."

வழிகாட்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒன்றும் இல்லை. ஒருவரை ஒருவர் முன்னுக்குப் போகச் சொல்கிறோம்."

"ஏன்?"

"இவர் என் மகளின் மாமியார்."

"என் மாமியார் என்றால் நான் தள்ளிவிட்டிருப்பேன்," என்றார் அவர். "மெடாம், பனி காத்திருக்காது. இரண்டு பேரும் ஒன்றாக. இப்போது!"

ஒன்றாகப் போனோம்.

குறுணல் அரிசியைத் தாம்பாளத்தில் கொட்டி, அதன் மேல் கையை ஓடவிட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. மேலோடு ஒரு விரற்கடை இளகி மணி மணியாகப் பிரிந்திருந்தது. அடியில் கெட்டி. ஸ்கீ நினைத்த இடத்தில் திரும்பியது. நினைக்க முன்னமே திரும்பியது. வெட்டிய ஒவ்வொரு வளைவிலும் மணிகள் சரசரவென்று உருண்டு என்னைத் துரத்திக்கொண்டு வந்தன. இடப்பக்கம் சம்பந்தி, கட்டையாக, குனிந்து, ஒரு பந்துபோல் துள்ளி வந்தார். அவருடைய தடம் என் தடத்தை வெட்ட, என் தடம் அவருடையதை வெட்ட, இருவரும் சேர்ந்து மலையில் பின்னல் பின்னினோம். யாரோ கத்துவது கேட்டது. வாய் திறந்திருந்ததை வைத்து அது நான்தான் என்று கண்டுபிடித்தேன். எந்த மொழியிலும் இல்லாத கத்தல். அதுவரை எனக்கிருந்த எந்தத் தகுதிச் சான்றிதழும் இப்படி ஒரு சத்தத்தை என்னிடமிருந்து வரவழைத்ததில்லை.

கீழே மரங்களுக்குள் பனி சோறாகிவிட்டிருந்தது. மெதுவாக, வளைந்து வளைந்து, ஓடைக்கு வந்தோம்.

பாலம் நின்றது. ஆனால் நடுவில் தொய்ந்திருந்தது, பழைய கட்டில்போல. அடியிலிருந்து வந்த சத்தம் இப்போது பக்கத்து அறைக் கதை இல்லை. சந்தை.

வழிகாட்டி மேலும் கீழும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இதைவிட நல்ல இடம் இல்லை. ஒருவர் ஒருவராக, ஸ்கீயைக் கழற்றாமல், நிற்காமல் ஒரே ஓட்டமாகக் கடக்கவேண்டும் என்றார். நிற்கவேண்டாம் என்பதை இரண்டு தரம் சொன்னார். அவர் கடந்தார். சம்பந்தி, கண்ணை மூடித்திறக்கும் நேரத்தில், கடந்தார். கடைசியாக நான்.

நான் நின்றேன்.

நடுவில், தொய்ந்த இடத்தில், என் ஸ்கீயின் ஓரமாக ஒரு வெடிப்பு ஓடியது. குறையைக் கண்டால் நின்று வாசித்துப் பார்ப்பது என் தொழில் நோய். குனிந்து பார்த்தேன். வெடிப்புக்குள் நீலம், நீலத்துக்குக் கீழே கறுப்பு.

"நில்லாதை!"

கரையிலிருந்து வந்த அந்தக் குரல் நான் அதுவரை கேளாத குரல். வீதி கடக்கும்போது கையை விட்டு ஓடுகிற பிள்ளைக்குப் போடும் குரல்.

"என்னடி பார்க்கிறாய்? நில்லாதை! ஓடு! ஓடடி!"

அறுபத்தெட்டு வயதில் என்னை இப்படி அதட்ட உயிரோடு ஒருவரும் இல்லை என்று நினைத்திருந்தேன். ஓடினேன். கரையில் ஏறி விழுந்தபோது பின்னால் ஒரு பெரிய பெருமூச்சுக் கேட்டது. திரும்பிப் பார்க்க, பாலத்தின் நடுப்பகுதி இல்லை.

"எவ்வளவு ஆழம்?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன், குரல் வந்ததும்.

"முழங்கால் வரை," என்றார் அவர். "ஆனால் அந்தக் குளிரில் முழங்கால் கெட்ட கோபத்தில் இருக்கும்."

மூவரும் பனியில் கிடந்து சிரித்தோம். நிறுத்த முடியாத சிரிப்பு. அது ஓய்ந்ததும் சம்பந்தியின் முகம் சிவந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, சம்பந்தி. வாய் தவறிப்போச்சு."

"அந்த வாய் இருந்தபடியால்தான் காஸ்பே இருக்கு," என்றேன்.

"இருக்கே?"

"முழுப் பயணம். ஏறி இறங்கியாச்சு. இனி ஆர் தடுக்கிறது?"

நான்தான் தடுத்தேன். அன்று பின்னேரமே கழகத்துக்கு மின்னஞ்சலில் கடிதம் எழுதினேன். இன்ன பயணத்தை முடித்தேன், தயவுசெய்து பதிவு செய்யவும். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டாவது பந்தி தானாக வந்தது: விதி பதினொன்றின்படி அந்தப் பயணம் நடந்திருக்கக்கூடாது. காலையில் தரிப்பிடத்தில் ஐந்து. வழிகாட்டி கவனமாகவே நடத்தினார். இருந்தாலும், அவ்விதி பொருந்தாத காரணத்தைக் குழு தெளிவுபடுத்தவேண்டும்.

அனுப்பிய பிறகுதான் சம்பந்திக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"உங்களுக்கு விசரே, சம்பந்தி?"

"அதை விட்டுட்டு எழுதினால் அது சரியில்லை."

"ஆர் கேட்டவை? ஒருத்தரும் கேக்கேல்லை! கேக்காத கேள்விக்கு ஏன் பதில் எழுதினனீங்கள்?"

"வேலையிலை இருக்கேக்கை, தனக்குச் சாதகமில்லாத பந்தியை மறைச்சு எழுதின ஆக்களின்ரை கோப்பை எல்லாம் நான் திருப்பி அனுப்பினனான்."

"இப்ப அவை உங்களைத் திருப்பி அனுப்பப் போகினம்," என்றார். "நான் ஆசீர்வதிச்ச திரியை எல்லே தேய்ச்சனான்!"

அவருடைய வாதம் என்னுடையதைவிடப் பலமானது. ஒப்புக்கொள்ளவில்லை.

உடனே ஒரு பதில் வந்தது, யந்திரத்திடமிருந்து: உங்கள் கடிதம் கிடைத்தது, குழு பரிசீலிக்கும். விதி இருபத்திரண்டின்படி முப்பது நாளுக்குள் பதில் வரவேண்டும். மே போனது. நினைவூட்டினேன். கோடையில் குழு கூடுவதில்லை என்று யந்திரம் சொன்னது. தாமதிப்பதில் என் பழைய அலுவலகத்துக்கும் நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் மறுபக்கத்தில் நின்று அதை அனுபவிப்பது வேறு. என் கணவர் தக்காளிக்குத் தண்ணீர் விட்டபடி, "மேன்முறையீடு செய்யப் படிவம் ஒண்டும் இல்லையோ?" என்று கிழமைக்கு ஒருமுறை கேட்டார்.

ஓகஸ்ட்டில் ஒரு பின்னேரம் இடியும் மின்னலுமாக இருந்தது. நான் சம்பந்தி வீட்டில் இருந்தேன். மிச்சமிருந்த மூன்றாவது திரியை அவர் யன்னலில் கொளுத்தி வைத்தார்.

"இடிக்கோ?" என்று கேட்டேன்.

"இடிக்கு அரைவாசி. உங்கடை கடிதத்துக்கு அரைவாசி."

அவருக்கு அறுபத்தைந்து ஆகவில்லை. எந்தத் தகுதிப் பயணமும் தேவையில்லை. செப்டம்பரில் காஸ்பேப் பதிவு திறந்த அன்றே அவர் தன் இடத்தைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. நான் கேட்டபோது, "நீங்கள் இல்லாமல் எனக்கு என்னத்துக்குக் காஸ்பே? பேந்து ஆரை நான் ஏசுறது?" என்றார். ஓடைக்குப் பிறகு எங்கள் உபசாரத்தில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. நான் போதும் என்று ஒரு முறை சொன்னால் இப்போது விட்டுவிடுகிறார். அவருடைய வாசலுக்குப் போனால் நான் ஹோர்ன் அடிக்கிறேன்.

பதிவு மூடும் நாளும் வந்தது. அது, பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாக இனிப்புக் கேட்டு வரும் ஹலோவீன். பேரன் சிவப்புத் தீயணைப்பு வீரனாக எங்கள் வீட்டில் நின்றான். சம்பந்தி அவனுக்குக் குளிர்ச்சட்டையைத் தீயணைப்புச் சட்டைக்கு உள்ளே போடுவதா வெளியே போடுவதா என்று அவனோடு பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். நான் இனிப்புப் பாத்திரத்தோடு கதவடியில். பதிவு அன்றிரவோடு மூடும். நான் அதைப் பற்றிக் கதைப்பதை நிறுத்தி இரண்டு கிழமை ஆகியிருந்தது. தொலைபேசி சத்தம் போட்டது.

குழுவின் பதில். நின்றபடி வாசித்தேன். தாமதத்துக்கு வருந்துகிறோம். உங்கள் கடிதம் குழுவில் நீண்ட விவாதத்துக்கு உள்ளானது. வெப்பநிலை எந்த இடத்தில் அளக்கப்படவேண்டும் என்று விதி பதினொன்று சொல்லவில்லை. உச்சியை அண்டிய பகுதியில் பனி ஓடாக உறைந்திருந்ததை வழிகாட்டி அன்றே படத்துடன் அறிவித்திருந்தார். ஆகவே முந்தைய இரவு, மலையில், பூச்சியத்துக்குக் கீழே இறங்கியிருக்கிறது. உங்கள் தகுதிக்கு அந்தப் பயணம் செல்லுபடியாகும். விதி அடுத்த பருவத்துக்கு முன் திருத்தப்படும். ஓடைப் பாலங்கள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுவோம்.

எந்த இடத்தில்? விதியைத் திரும்ப ஒருமுறை மனதுக்குள் ஓட்டினேன். இடம் இல்லை. அந்த விதியைப் பார்த்துத் திருப்தியில் பூரித்தவள் நான். கைகொடுக்க நினைத்தவள் நான். காலடியில் ஓடு நொறுங்கியபோது மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளும் நான்தான். கதவடியில் ஒரு சூனியக்காரியும் இரண்டு சிலந்தி மனிதர்களும் பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். பாத்திரத்தையே கொடுத்துவிட்டேன்.

"என்னவாம்?" என்றார் சம்பந்தி, சட்டையின் ஒரு கை போட்ட பேரனைப் பிடித்தபடி.

"செல்லுமாம். அந்தப் பயணம் செல்லுமாம்."

"அப்ப என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?" அதே குரல். பேரன் திடுக்கிட்டு மற்றக் கையையும் தானே போட்டுக்கொண்டான். "எழுது! ரெண்டு பேரின்ரை பேரையும் எழுது! நில்லாதை!"

கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, குசினி மேசையில் இருந்து எழுதினேன். முதலில் அவருடைய பெயர். அவர் பின்னால் நின்று பார்த்து, "முன்னுக்கு உன்னுடையதை எல்லே போட்டிருக்கோணும்," என்றார். அதன் கீழே என் பெயர். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்கு மட்டும் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது: தகுதிப் பயணத்தைக் குழு ஏற்றுக்கொண்ட பதில் கிடைத்த திகதி.

அக்டோபர் 31.